குழாய்கள் சொல்லும் கதை

அன்புள்ள ஐயா,

டெரி கில்லியம் இயக்கி 1985இல் வெளிவந்த ‘பிரேசில்’ படத்தைச் சென்ற வாரம் நண்பர்கள் ஏழு பேர் ஒன்றாக அமர்ந்து பார்த்தோம். படம் முடிந்ததும் தொடங்கிய விவாதம் நள்ளிரவைத் தாண்டியும் ஓயவில்லை. மூவர், கொடுங்கனவு போன்ற ஒரு சமூகத்தைக் காட்டும் ‘டிஸ்டோபிய’ப் படங்களில் இதைவிடச் சிறந்த ஒன்றைத் தாங்கள் பார்த்ததில்லை என்றார்கள். மற்ற மூவர் பாதியிலேயே சலித்துவிட்டதாகச் சொன்னார்கள். “கண்ணுக்கு விருந்து வைத்துவிட்டு மனதைப் பட்டினி போட்டுவிட்டார்” என்றார் அவர்களில் ஒருவர். “இதை ரசிக்கப் பயிற்சி வேண்டும்” என்று எதிர்த்தரப்பில் ஒருவர் சொல்லப்போக, பேச்சு கசந்துவிட்டது.

ஏழாவது ஆளான நான் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் இருக்கிறேன். சுவரையும் கூரையையும் பிளந்துகொண்டு வரும் அந்தக் குழாய்களும், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டிய சின்னஞ்சிறு கணினித் திரைகளும் நினைவைவிட்டு அகல மறுக்கின்றன. ஆனால் கதையைச் சொல் என்று யாராவது கேட்டால் திணறிப்போகிறேன். காட்சியில் இவ்வளவு செழிப்பும் கதையில் இவ்வளவு மெலிவும் உள்ள ஒரு படத்தை நல்ல படம் என்று ஏற்கலாமா? அது பிடிக்காமல் போனவர்களின் ரசனையில்தான் குறையா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நண்பர்களுக்குள் கசப்பை உண்டாக்கியது அதுதான். திரை விமர்சனத்தையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டிருந்த ராஜர் ஈபர்ட், இந்தப் படத்தை இரண்டு முறை பார்த்த பிறகும் பாத்திரங்கள் யார் யார், அவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பொருந்துகிறார்கள் என்பது தனக்குத் தெளிவாகவில்லை என்று எழுதி, நான்கு நட்சத்திரங்களுக்கு இரண்டே கொடுத்தார். அதே படத்துக்குத்தான் லாஸ் ஏஞ்சலிஸ் திரை விமர்சகர் சங்கம் 1985ஆம் ஆண்டின் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை ஆகிய மூன்று விருதுகளையும் வழங்கியது. இதே போல, 1927இல் ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ வெளிவந்தபோது அதை மிகக் கடுமையாகச் சாடியவர்களில் ஒருவர், அறிவியல் புனைவின் முன்னோடியான எச். ஜி. வெல்ஸ். இவர்களில் யாருக்கும் ரசனைப் பயிற்சி போதாது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆகவே அந்த வார்த்தையைச் சொன்ன நண்பர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதே முறை.

இனி கதைக்கு வருகிறேன். இந்தப் படத்தின் கதையை எளிதாகவே சொல்லிவிடலாம். அமைச்சக அலுவலகம் ஒன்றில் எழுத்தர் ஒருவர் அடித்த பூச்சி, தானாக அச்சடித்துக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்குள் விழுகிறது. டட்டில் என்று விழவேண்டிய பெயர், கைது ஆணையில் பட்டில் என்று விழுகிறது. ஒரு பாவமும் அறியாத பட்டில் பிடித்துச் செல்லப்பட்டு, விசாரணையில் இறந்துபோகிறார். அந்தப் பிழையின் கணக்கைச் சரிசெய்யப் போகும் சாம் லௌரி என்ற கடைநிலை அதிகாரி, தன் கனவில் வந்த பெண்ணை அங்கே நேரில் பார்த்து, அவளைத் தேடிப்போய், தானும் அதே விசாரணை நாற்காலியில் போய் உட்காருகிறான். இதற்குமேல் கதையில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை.

பிறகு ஏன் உங்களால் சொல்ல முடியவில்லை? நாம் கதையை வசனத்தில் தேடிப் பழகியவர்கள். கில்லியமோ வசனத்திடம் கொடுத்திருக்கவேண்டிய பொறுப்பில் பெரும்பகுதியைச் சுவரிடமும் கூரையிடமும் கொடுத்துவிட்டார். அதிகாரத்தைப் பற்றி நீண்ட உரையாற்றும் பாத்திரம் இப்படத்தில் இல்லை. அந்த வேலையைக் குழாய்கள் செய்கின்றன. நீங்கள் கண்ட அந்தப் பருத்த குழாய்கள் குடிசைபோன்ற வீட்டின் நடுவிலும் ஓடுகின்றன, ஆடம்பர உணவகத்தின் அலங்காரத்துக்கு ஊடாகவும் ஓடுகின்றன. அவற்றைத் தொட்டுப் பழுதுபார்க்கும் உரிமை அரசின் மையச் சேவைத் துறைக்கு மட்டுமே உண்டு. ராபர்ட் டி நீரோ நடித்த டட்டில், இரவில் கள்ளத்தனமாக வந்து குழாயைச் சரிசெய்துவிட்டுப் போகிறவர். படிவம் நிரப்புவது பிடிக்காமல் அரசு வேலையை விட்டவர். அரசு தேடும் பயங்கரவாதி இவர்தான். ஒருவர் குழாயைப் பழுதுபார்ப்பது ஏன் அரசத்துரோகம் ஆகிறது என்பதை யாரும் நமக்கு விளக்குவதில்லை. சாமின் வீட்டுச் சுவரைத் திறந்ததும் உள்ளேயிருந்து பிதுங்கும் அந்தக் குடலைப் பார்த்த மாத்திரத்தில் நமக்குப் புரிந்துவிடுகிறது.

பட்டில் கைதாகும் காட்சியைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். கிறிஸ்துமஸ் காலம். வீட்டில் புகைபோக்கி இல்லையே, கிறிஸ்துமஸ் தாத்தா எப்படி வருவார் என்று பெண்குழந்தை கவலைப்படுகிறாள். சற்று நேரத்தில் கூரையில் வட்டமாக ஒரு துளை வெட்டப்படுகிறது. அதன் வழியாகக் கம்பியில் சறுக்கிக்கொண்டு ஆயுதம் தாங்கிய காவலர்கள் இறங்குகிறார்கள். பட்டிலை உறைபோன்ற ஒன்றுக்குள் திணித்துக் கட்டுகிறார்கள். மனைவியிடம் ஓர் அதிகாரி கையெழுத்து வாங்குகிறார். கணவனைப் பெற்றுக்கொண்டதற்கு அவளுக்கு ஒரு ரசீது. அந்த ரசீதை அவள் பெற்றுக்கொண்டதற்கு அவருக்கு ஒரு ரசீது. பிறகு துளையை அடைக்கும் ஊழியர்கள் கொண்டுவந்த மூடி, அளவுமுறை மாறிப்போனதால் துளைக்குப் பொருந்தாமல் போகிறது. சில நாட்கள் கழித்து, விசாரணைக் கட்டணமாகப் பட்டிலிடம் கூடுதலாக வசூலித்துவிட்ட பணத்தைத் திருப்பித்தரும் காசோலையோடு சாம் அதே வீட்டுக்கு வருகிறான். நல்ல செய்தி கொண்டுவந்த மனிதனின் முகத்தோடுதான் வருகிறான். பட்டிலின் மனைவி அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: அவர் உடலை என்ன செய்தீர்கள்?

மனதைப் பட்டினி போட்டதாகச் சொன்ன நண்பரின் காதில் இந்தக் கேள்வி விழுந்ததா என்று அறிய விரும்புகிறேன். கூரையின் துளை, ரசீது, மூடி, காசோலை என ஒவ்வொன்றும் ஒரு கலை இயக்குநர் உருவாக்கி வைத்த பொருள்தான். ஆனால் இவற்றை நீக்கிவிட்டால் அந்தத் தாயின் கேள்விக்கு இந்தக் கனம் வராது. இதே போல, சித்திரவதை செய்யும் ஜாக்கின் அலுவலகத்தில் காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து வரும் அலறலைச் சொல் பிசகாமல் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள் ஒரு பெண். நெடுஞ்சாலையின் இருபுறமும் சுவர்போல எழுந்து நிற்கும் விளம்பரப் பலகைகளுக்கு அப்பால், கேமரா மேலெழும்போது, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பாழ்நிலம் தெரிகிறது. இவற்றை வெறும் ‘விஷுவல்’ என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் படத்தைப் புகழ்ந்த நண்பர்களும் இதே பிழையைத்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நார்மன் கார்வுட்டின் கலை இயக்கத்தையும் ராஜர் பிராட்டின் ஒளிப்பதிவையும் சிலாகித்துவிட்டு, ‘கதை பெரிதாக இல்லாவிட்டால் என்ன’ என்று அவர்கள் வாதாடியிருந்தால், படத்தை எதிர்ப்பவர்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டார்கள் என்றே பொருள். அழகான படங்களின் ஆல்பமாக இதைப் பார்ப்பவருக்கு அந்தக் காசோலை கண்ணிலேயே பட்டிருக்காது.

எனக்கும் இந்தப் படத்தின்மேல் குறை உண்டு, அது சிறிய குறையும் அல்ல. ஜில் என்ற பெண், சாமின் கனவிலிருந்து இறங்கி வந்தவளாகவே கடைசிவரை இருந்துவிடுகிறாள். லாரி ஓட்டுகிறாள், பட்டிலுக்கு நீதி கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். இவ்வளவு துணிச்சல் உள்ள ஒருத்தி தன்னைத் துரத்திவந்து தொல்லைப்படுத்தும் சாமை எந்தக் கணத்தில், எதற்காக நேசிக்கத் தொடங்கினாள் என்பதைப் படம் நமக்குக் காட்டவில்லை. இறக்கை கட்டிப் பறக்கும் கனவுக் காட்சிகள் நான்காவது முறை வரும்போது நானும் பொறுமை இழந்தேன். அகல்கோண லென்ஸும் இடைவிடாத சத்தமும் மூச்சுவிட இடம் தருவதில்லை. உங்கள் நண்பர்கள் சலித்துப்போனதற்கு இவையெல்லாம் நியாயமான காரணங்கள். அவர்கள் அந்தச் சலிப்புக்குக் கதையின்மை என்று பெயர் வைத்ததில் மட்டும்தான் நான் வேறுபடுகிறேன்.

காட்சியையும் கதையையும் இரண்டாகப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் படத்தின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஐரோப்பாவில் 142 நிமிடப் படமாக இது வெளியாகிவிட்டிருந்தது. அமெரிக்காவில் வெளியிட வேண்டிய யுனிவர்சல் நிறுவனமோ, நீளத்தையும் இருண்ட முடிவையும் காரணம் காட்டி நிறுத்திவைத்தது. ‘என் படத்தை எப்போது வெளியிடப்போகிறீர்கள்’ என்று அந்நிறுவனத் தலைவர் சிட் ஷைன்பர்க்கைப் பெயர் சொல்லிக் கேட்டு ‘வெரைட்டி’ இதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார் கில்லியம். அமெரிக்கத் திரையரங்கில் வெளியாகாத நிலையிலேயே மேலே சொன்ன விருதுகள் கிடைத்ததும்தான் நிறுவனம் இறங்கிவந்து, கில்லியமே சுருக்கிய 132 நிமிட வடிவத்தை வெளியிட்டது. இதற்கிடையில் நிறுவனம் தன் விருப்பப்படி வெட்டித் தயாரித்த 94 நிமிட வடிவம் ஒன்று உண்டு. அது பின்னர் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதிலும் அதே குழாய்கள், அதே அரங்கங்கள், அதே நடிகர்கள்தாம். சாமும் ஜில்லும் தப்பித்து இன்பமாக வாழ்வதோடு அது முடிகிறது. கதை ‘தெளிவாகிவிட்ட’ அந்த வடிவத்தில் குழாய்கள் வெறும் அலங்காரமாகிவிடுகின்றன, ஏனென்றால் அவற்றிலிருந்து ஒருவன் இவ்வளவு சுலபமாக வெளியேறிவிட முடியும் என்றால் அவற்றுக்கு அஞ்ச வேண்டிய தேவையே இல்லை.

கில்லியமின் வடிவத்திலும் சாம் தப்பித்துப் பச்சைப் பள்ளத்தாக்குக்குப் போகிறான். அடுத்த கணம் அந்தக் காட்சியின்மீது இரண்டு முகங்கள் குறுக்கிடுகின்றன. ‘நம் கையைவிட்டுப் போய்விட்டான்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அவர்கள் விலகிச் செல்ல, பிரம்மாண்டமான வட்டக் கூடத்தின் நடுவே நாற்காலியில் கட்டுண்டபடி சாம் தனக்குள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். இந்த முடிவை ஏற்க முடியாமல் ஒருவர் எழுந்து போனால் நான் அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் படத்தைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார், அது தரும் வேதனையை விரும்பவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் நண்பர்கள் மூவரும் படத்தை முழுவதுமாக மறுமுறை பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாம் காசோலையோடு அந்த வீட்டுக்குள் நுழையும் காட்சியை மட்டும் அவர்களோடு இன்னொரு முறை பாருங்கள். அப்போது அந்தத் தாயின் தலைக்குமேல் கூரை எப்படி இருக்கிறது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்