மேலாளரிடம் குரலை உயர்த்திய பிறகு

வணக்கம். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மேலாளர் உங்கள் கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்டியதும் நீங்கள் குரலை உயர்த்திவிட்டதாகவும், அன்றிலிருந்து அவர் முகம்கொடுத்துப் பேசுவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

அதைக் கோபம் என்கிறீர்கள். எனக்கு அது அவமான உணர்வாகவே தோன்றுகிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. 2007இல் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், முகங்களில் தெரிந்த உணர்ச்சிக்குப் பெயரிட்டவர்களின் மூளையில், அச்சம் போன்ற உணர்ச்சிகளின்போது தூண்டப்படும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது. எனவே முதலில் உங்கள் உணர்வுக்குச் சரியான பெயரை எழுதிப் பாருங்கள்.

பிறகு மேலாளரைத் தனியாகச் சந்தித்து, "குரலை உயர்த்தியது என் தவறு" என்று மட்டும் சொல்லுங்கள். அதோடு "ஆனால்" என்பதைச் சேர்த்துவிட்டால் மன்னிப்பு வாதமாகிவிடும். அவர் பேசி முடித்த பின்பே, இனிப் பிழைகளைத் தனியே சொல்லுமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.