எபோலா பயமுள்ள ஊரிலிருந்து கணவர் வருகிறார்: 21 நாள் தனியாக வைக்க வேண்டுமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் நான்கு வருடமாக உகாண்டாவில், கம்பாலாவில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு பார்க்கிறார். அந்தப் பக்கம் எபோலா, மார்பர்க் என்று செய்தி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. பத்துப் பேருக்கு வந்தால் ஒன்பது பேர் பிழைக்க மாட்டார்கள் என்கிறார்கள். அடுத்த மாதம் லீவில் வருகிறார். எங்களுக்கு மூன்று வயதில் ஒரு பையன். "21 நாள் லாட்ஜில் இருந்துவிட்டு வீட்டுக்கு வரட்டும்" என்கிறார் மாமியார். உண்மையில் இது எவ்வளவு ஆபத்து? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, ராஜபாளையம்

பதில்:

சகோதரி, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். உங்கள் கணவர் அங்கே எபோலா அல்லது மார்பர்க் நோயாளி யாருக்கும் பணிவிடை செய்யவில்லை, அப்படி இறந்தவரின் உடலைத் தொடவில்லை, நல்ல உடம்போடு விமானம் ஏறுகிறார் என்றால் லாட்ஜ் வேண்டாம். நேராக வீட்டுக்கு வரட்டும். பையனைத் தூக்கிக்கொள்ளட்டும். ஒரே ஊரில் இருந்தார் என்பதால் இந்த நோய் யாரையும் தொற்றாது.

இனி அந்த "பத்துக்கு ஒன்பது" கணக்குக்கு வருவோம். எபோலாவும் மார்பர்க்கும் ஒரே குடும்பத்து வைரஸ்கள், இரண்டு நோயையும் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்பார்கள். அது எங்கிருந்தோ கட்டிவிட்ட கதை இல்லை. 1976-இல் இன்றைய காங்கோ நாட்டில் யம்புக்கு என்ற சிற்றூரில் எபோலா முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டபோது 318 பேருக்கு வந்தது, 280 பேர் இறந்தார்கள். 2004-05-இல் அங்கோலாவின் உய்ஜே பகுதியில் மார்பர்க் 252 பேருக்கு வந்து 227 பேரைக் கொண்டுபோனது. பயப்பட வேண்டிய எண்கள்தான். ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நோய் வந்துவிட்டால் சாவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பது ஒன்று. நோய் வருவதற்கே எவ்வளவு வாய்ப்பு என்பது வேறொன்று. செய்தியில் முதல் எண் மட்டும்தான் வரும். வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது இரண்டாவது எண் போலக் காதில் விழும். உங்கள் தூக்கம் போனது அதனால்தான்.

முதல் எண்ணும் கல்லில் செதுக்கியது கிடையாது. அதே மார்பர்க் 2024 செப்டம்பரில் ருவாண்டாவுக்கு வந்தது. வௌவால்கள் அடைந்திருந்த சுரங்கத்தில் வேலை செய்த ஒருவரிடமிருந்து தொடங்கி, தலைநகர் கிகாலியின் மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. 66 பேருக்கு வந்தது, 15 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 23 பேர். அங்கோலாவில் 90. இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? கிகாலியில் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், டிரிப் ஏற்றினார்கள், ரத்தத்தில் உப்புச் சத்துகளைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார்கள், மூச்சுக்கு வென்டிலேட்டர் வைத்தார்கள். ரெம்டெசிவிர் மருந்தும், சோதனை நிலையில் இருந்த ஆன்டிபாடி மருந்தும் கொடுத்தார்கள். வென்டிலேட்டருக்குப் போன இரண்டு பேர் அதிலிருந்து மீண்டார்கள். மார்பர்க் நோயாளிகள் அப்படி மீண்டது ஆப்பிரிக்காவிலேயே அதுதான் முதல் தடவை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இது புதுப் பாடமும் இல்லை. டெங்குவும் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடிய வைரஸ் காய்ச்சல்தான். தீவிர டெங்குவைச் சரியாகக் கவனிக்காவிட்டால் நூற்றுக்கு இருபது பேர் வரை இறக்கலாம். நேரத்துக்கு டிரிப் ஏற்றிக் கவனித்தால் ஒருவருக்கும் குறைவு. கிருமி அதேதான். கட்டில் கிடைத்த நேரமும் பக்கத்தில் நின்ற நர்ஸும்தான் அந்த எண்ணை மாற்றுகிறார்கள்.

"ரத்தக்கசிவுக் காய்ச்சல்" என்ற பெயரே கண் முன்னால் பயங்கரமான காட்சியைக் கொண்டுவந்துவிடுகிறது. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்க நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, காரணமில்லாத ரத்தக்கசிவு இருந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சல், உடல்வலி, வாந்தி, நிற்காத வயிற்றுப்போக்கு. உடம்பில் நீரும் உப்பும் வற்றி, ரத்த அழுத்தம் இறங்கி, சிறுநீரகம் நின்றுபோய் உயிர் போகிறது. அதனால்தான் சாதாரண சலைன் பாட்டிலுக்கு இங்கே இவ்வளவு மதிப்பு.

சரி, இரண்டாவது எண். யாருக்கு வருகிறது?

இந்த வைரஸ் காற்றில் மிதந்து வந்து பிடிப்பதில்லை. நோயாளியின் ரத்தம், வாந்தி, மலம், வியர்வை போன்ற உடல் திரவங்கள் இன்னொருவரின் காயத்திலோ கண், வாய், மூக்கிலோ பட வேண்டும். காய்ச்சல் தொடங்குவதற்கு முன் அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகாது. முதல் இரண்டு மூன்று நாளில் உடம்பில் கிருமி குறைவு. நோய் முற்ற முற்றப் பெருகும். இறந்த உடலில்தான் மிக அதிகம். தட்டம்மை வந்த ஒருவர் தடுப்பூசி போடாத ஊரில் 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். எபோலா வந்தவர் சராசரியாக ஒன்றரையிலிருந்து இரண்டு பேருக்கு.

இதை எண்ணாகச் சொல்வதைவிட ஒரு வீட்டைக் காட்டினால் உங்களுக்கு எளிதாகப் புரியும். 2014 செப்டம்பரில் லைபீரியாவிலிருந்து அமெரிக்காவின் டாலஸ் நகருக்கு ஒருவர் வந்தார். வரும்போது நன்றாக இருந்தார். நான்கு நாள் கழித்துக் காய்ச்சல். மருத்துவமனைக்குப் போனார், மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பவும் ஆம்புலன்ஸில் போகும்வரை ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில், அவர் கல்யாணம் செய்துகொள்ள இருந்த பெண்ணோடும் இன்னும் மூன்று பேரோடும் இருந்தார். அதே காற்று, அதே குளியலறை. அக்டோபர் 8-ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். அந்த வீட்டில் இருந்த நான்கு பேரில் ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை. வந்தது இரண்டு நர்ஸ்களுக்கு. நோய் முற்றிய கடைசி நாட்களில், தீவிர சிகிச்சைப் பிரிவில், லிட்டர் கணக்கில் போன வயிற்றுப்போக்கைச் சுத்தம் செய்து அவரைக் கவனித்துக்கொண்டவர்கள். நல்லவேளை, இருவரும் பிழைத்தார்கள்.

எபோலா, மார்பர்க் வந்த எந்த ஊரை எடுத்துப் பார்த்தாலும் இதே வழிதான். நோயாளியின் தலையைத் தாங்கிப் பிடித்த அம்மா, துணி துவைத்த மனைவி, இறந்தவரைக் குளிப்பாட்டிய சொந்தக்காரர்கள், ஊசி போட்ட நர்ஸ். 2014-16 மேற்கு ஆப்பிரிக்காவில் 880-க்கும் அதிகமான மருத்துவப் பணியாளர்களுக்கு நோய் வந்தது, 500 பேருக்கு மேல் இறந்தார்கள். ருவாண்டாவின் 66 பேரிலும் பெரும்பாலோர் மருத்துவப் பணியாளர்களே. உகாண்டாவில் 2000-ஆம் ஆண்டு குலு நகரில் எபோலா வந்தபோது லாகோர் மருத்துவமனையை முன்நின்று நடத்திய டாக்டர் மேத்யூ லுக்வியா, கடைசியில் தாமும் அதே நோயால் இறந்தார். அன்போடு பக்கத்தில் போனவர்களை இந்த நோய் பிடிக்கிறது. இதை எழுதும்போது எனக்கு மனது கனக்கத்தான் செய்கிறது.

உங்கள் கணவர் இருக்கும் கம்பாலாவிலேயே நடந்ததையும் சொல்கிறேன். 2025 ஜனவரி 30-ஆம் தேதி அங்கே எபோலா என்று அறிவித்தார்கள். எபோலாவில் பல வகை உண்டு, வந்தது சூடான் வகை. முதலில் இறந்தவர் ஒரு ஆண் நர்ஸ். அந்த வகைக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி கிடையாது. இருக்கிற எபோலா தடுப்பூசி ஜயர் என்ற இன்னொரு வகைக்கு மட்டும்தான். இருந்தும், லட்சக்கணக்கான மக்கள் நெருக்கியடித்து வாழும் அந்த நகரத்தையும் மற்ற இடங்களையும் சேர்த்து மொத்தம் 14 பேருக்குத்தான் வந்தது, 4 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 26-இல் முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். பஸ்ஸில் போனவர், கடையில் கணக்கு எழுதியவர் என்று யாரையும் அது தேடிப் போகவில்லை. 2000-த்திலிருந்து பல தடவை இந்த நோயைச் சந்தித்த நாடு உகாண்டா. என்டெபேயில் அவர்களுக்கென்று வைரஸ் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. மாதிரியை அங்கேயே சோதித்துவிடுகிறார்கள்.

அப்படியென்றால் பயமே வேண்டாமா என்று கேட்டால், அப்படிச் சொல்ல மாட்டேன். கினியாவில் 2013 டிசம்பரில் தொடங்கிய நோயை எபோலா என்று அடையாளம் காண மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் எல்லை தாண்டி லைபீரியா, சியரா லியோன் என்று பரவத் தொடங்கி, 2016-இல் அடங்குவதற்குள் 28,600 பேருக்கு வந்து, 11,300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கையுறைக்கும் தண்ணீருக்கும்கூட வழியில்லாத ஆஸ்பத்திரிகளும், இறந்தவரை ஊரே தொட்டு வழியனுப்பும் வழக்கமும் சேர்ந்து நடந்த கொடுமை அது. அதே 2014-இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துக்கு எபோலாவோடு ஒரு பயணி வந்து இறங்கினார். சென்னையைவிடப் பெரிய, நெரிசலான ஊர். டாக்டர் அமேயோ அடாடெவோ அவரை டிஸ்சார்ஜ் செய்ய மறுத்து நின்றார். அந்த உறுதிக்குத் தம் உயிரையே கொடுத்தார். சுகாதாரப் பணியாளர்கள் ஏறக்குறைய 900 பேரைத் தேடிப் பிடித்து, 21 நாள் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். நைஜீரியா முழுக்க 20 பேரோடு நின்றுவிட்டது. நீங்கள் கேட்கும் "எவ்வளவு ஆபத்து" என்பதற்கு வைரஸை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

இனி உங்கள் வீட்டு விஷயம்.

அவர் கிளம்புவதற்கு முன் போனில் கேளுங்கள். கடந்த மூன்று வாரத்தில் உடம்பு சரியில்லாத யாரையாவது பார்த்துக்கொண்டாரா, சாவு வீட்டுக்குப் போய் உடலைத் தொட்டாரா, ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருந்தாரா, வௌவால் குகைக்கோ சுரங்கத்துக்கோ போனாரா, காட்டு விலங்கின் இறைச்சியைக் கையாண்டாரா. குறை கேட்கும் குரலில் கேட்க வேண்டாம், அப்புறம் மறைக்கத் தோன்றும். நோய் பரவும் நாட்களில் அங்கே தெரியாத சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லுங்கள். யம்புக்குவில் நோய் அந்த அளவுக்குப் பரவக் காரணமே, ஐந்து ஊசிகளை வைத்து நாள் முழுவதும் எல்லோருக்கும் போட்டதுதான்.

எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால் வீட்டுக்கு வரலாம். 21 நாள் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் மாமியாருக்கும் நிம்மதி. அந்த 21 நாள் என்பது நோய்க்கிருமி உடம்புக்குள் போனபின் காய்ச்சலாக வெளிப்பட ஆகும் அதிகபட்ச காலம். ஒருவேளை எபோலா, மார்பர்க் நோயாளியிடம் உண்மையிலேயே நெருங்கிப் பழகியிருந்தால் லாட்ஜ் அதற்கும் தீர்வாகாது. அவர் விமானமே ஏறக்கூடாது. அங்குள்ள சுகாதாரத் துறையிடம் சொன்னால் அவர்களே கண்காணிப்பார்கள், மருந்தும் அங்கேதான் சீக்கிரம் கிடைக்கும். தெரியாத லாட்ஜ் அறையில் தனியாகக் காய்ச்சலோடு கிடப்பது அவருக்கும் ஆபத்து, கதவைத் திறந்து பார்ப்பவருக்கும் ஆபத்து.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். வந்தபின் அவருக்குக் காய்ச்சல் வந்தால், அது மலேரியாவாக இருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம். உகாண்டாவில் பரவலாக இருப்பது ஃபால்சிபாரம் மலேரியா, மூளை வரை போகக்கூடிய வகை. கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும், கவனித்தால் மாத்திரையிலேயே தீரும். நான்கு வருடம் அங்கே இருந்ததால் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். எபோலா என்று பயந்து வீட்டுக்குள் ஒளித்து வைப்பதும், "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று கடையில் மாத்திரை வாங்கிப் போடுவதும் ஒரே தவறு. மருத்துவமனைக்கு முதலில் போன் செய்து, "உகாண்டாவிலிருந்து வந்து இத்தனை நாள் ஆகிறது, காய்ச்சல்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். நம் ஊரில் டாக்டருக்கு முதலில் டெங்குவும் டைபாய்டும்தான் நினைவுக்கு வரும், அதனால் மலேரியா ரத்தப் பரிசோதனையை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அன்றைக்கே எடுக்க வேண்டும். ஒரு தடவை இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். வந்து மூன்று மாதம் ஆன பிறகு வரும் காய்ச்சலுக்கும் இதையே செய்யுங்கள். அதுவரை வலிக்கு பாராசிட்டமால் மட்டும் போதும், டைக்ளோபினாக் ஊசி வேண்டாம். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 104-க்கு அழைக்கலாம்.

கடைசியாக ஒன்று. மஞ்சள் காய்ச்சலும் ரத்தக்கசிவை உண்டாக்கும் வைரஸ்தான். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தொட்டியிலும் இருக்கிறது, நோய் மட்டும் இதுவரை இந்தியாவுக்கு வரவில்லை. அதனால்தான் உகாண்டாவிலிருந்து வருபவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை விமான நிலையத்தில் கேட்கிறார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். நான்கு வருடம் முன்பு போகும்போது போட்டிருப்பார். அந்த மஞ்சள் அட்டை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி எடுத்து, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.