மரம் ஏறட்டும், முருங்கை மட்டும் வேண்டாம்

வாசகர் கேள்வி – பதில்: பிள்ளை வளர்ப்பு

கேள்வி: எங்கள் மகனுக்கு எட்டு வயது. கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். வளாகத்து வேப்பமரத்தில் ஏறுகிறான். அடுப்படிக்கு வந்தால் காய் நறுக்கக் கத்தி கேட்கிறான். கையில் கிடைக்கும் பழைய பொருளையெல்லாம் பிரித்துப் போடுகிறான். என் கணவர், "செய்யட்டும், விடு" என்கிறார். மாமியாரோ, "ஒற்றைப் பிள்ளை, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாய்?" என்று என்னையே கேட்கிறார். இதற்கிடையே குடியிருப்போர் சங்கம் மரத்தில் 'ஏறக் கூடாது' என்று பலகை மாட்டிவிட்டது. நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு வாசகி, கோவை

பதில்: இருவர் பக்கமும் நில்லுங்கள், ஆனால் வெவ்வேறு இடங்களில். ஆபத்து என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கிளையின் உயரம் உங்கள் மகனின் கண்ணுக்குத் தெரிகிறது. அது தன் துணிவுக்கு அடங்குமா என்று அவன் ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்துத்தான் ஏறுகிறான். அதே கிளை உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்தால் அது அவனுக்குத் தெரியாது. தெரிகிற ஆபத்தை அவனே அளந்து பழக வேண்டும். தெரியாத ஆபத்தைத் தேடிப் பிடித்து அகற்றுவது பெரியவர்களின் வேலை. பல வீடுகளில் இது தலைகீழாகவே நடக்கிறது. மரத்தில் இருப்பவனைக் கூச்சலிட்டு இறக்குகிற நாம், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி துருப்பிடித்து ஆடுவதை மாதக்கணக்கில் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். பலகை மாட்டிய உங்கள் சங்கத்தார் அந்த மூடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்களா, மின்மீட்டர் அறையைச் சாத்தி வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மரத்துக்கு வருவோம். முருங்கை சட்டென்று முறியும் என்பதால் அதில் ஒருபோதும் வேண்டாம். பட்ட கிளையும் மழையில் நனைந்த பட்டையும் வேண்டாம். மாமரமாக இருந்தால் இலைகளைப் பின்னி முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். கடிபட்ட பிள்ளை கையை விட்டுவிடும். மரத்தடியில் கல்லும் கம்பியும் கிடந்தால் அகற்றிவிடுங்கள். இவற்றுக்கு அப்பால் ஒரே ஒரு விதி போதும்: அவனைத் தூக்கிக் கிளையில் உட்கார வைக்காதீர்கள். தானே ஏறிய பிள்ளைக்குப் பெரும்பாலும் இறங்கவும் தெரியும். தூக்கி வைக்கப்பட்ட பிள்ளை வந்த வழியை அறியாது. "விழுந்துவிடுவாய், பார்த்து" என்று கீழிருந்து கத்தினால் அவன் கிளையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான். அதற்குப் பதிலாக, "அடுத்த கால் எங்கே வைக்கப் போகிறாய்?" என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் மரத்தைப் பிடித்திருக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வான்.

கத்தி விஷயத்தில் உங்கள் மாமியாரையே ஆசிரியராக்கிவிடலாம் என்பது என் யோசனை. எட்டு வயதில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். அரிவாள்மணைக்கு முன் குந்தியமர்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னால் எனக்கு வியப்பிராது. பேரனுக்குச் சிறிய, ஆனால் கூரான கத்தியைக் கொடுக்கச் சொல்லுங்கள். மொன்னைக் கத்தியை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரலில் இறங்கும். முதலில் வாழைப்பழம், பிறகு வேகவைத்த உருளைக்கிழங்கு, பிறகு வெள்ளரி என்று போகலாம். உருண்டைக் காயை முதலில் பெரியவர் இரண்டாக வகிர்ந்து தட்டையான பக்கம் பலகையில் படும்படி வைத்துக் கொடுத்தால் அது உருளாது. காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். என் இடது சுட்டுவிரலில் அறுபது ஆண்டுகளாக இருக்கும் தழும்பு, இந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் எனக்குச் சொல்லாததால் வந்தது.

பிரித்துப் போடுவதில் மட்டும் நான் கண்டிப்பானவன், ஏனென்றால் அங்கே ஆபத்து முழுக்கக் கண்ணுக்கு மறைந்தது. பழைய கைக்கடிகாரம், மிதிவண்டி மணி, டார்ச் விளக்கு, சாவி கொடுக்கும் பொம்மை ஆகியவற்றைத் திருப்புளியோடு அவனிடம் கொடுத்துவிடலாம். சுவரில் செருகும் எதையும் அவன் தனியே திறக்கக் கூடாது; மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் சில கருவிகளின் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். பொம்மை, ரிமோட், கைக்கடிகாரம் ஆகியவற்றில் உள்ள பொத்தான் பேட்டரியை நீங்களே முதலில் கழற்றி எடுத்துவிடுங்கள். ஒரு சிறு குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சங்கத்தாரிடம் பேசும்போது ஒரு பழைய செய்தி உதவக்கூடும். டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் சோரன்சென் என்பவர் குழந்தைகளுக்கான விளையாட்டுத் திடல்களை அமைத்துக்கொடுத்தவர்; ஆனால் பிள்ளைகள் அந்தத் திடல்களை விட்டுவிட்டுக் கட்டடவேலை நடக்கும் இடங்களில் கிடக்கும் பலகையையும் செங்கல்லையும் வைத்து விளையாடுவதையே விரும்புவதைக் கவனித்தார். அதன் விளைவாக 1943ஆம் ஆண்டு, ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் இருந்த கோபன்ஹேகனின் எம்ட்ருப் பகுதியில், பழைய மரமும் கயிறும் டயரும் கருவிகளும் நிறைந்த ஒரு திடல் திறக்கப்பட்டது. பிள்ளைகள் அங்கே தாங்களே குடிசை கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள். அவர்களை அதட்டாமல் துணைக்கு நிற்பதற்கென்றே ஒரு பெரியவர் இருந்தார். போருக்குப் பின் இந்த எண்ணம் பிரிட்டனுக்கும் சென்று பரவியது. உங்கள் வளாகத்தில் பொருத்திய வழுக்குப்பலகைக்கு நடுவே நான்கு பழைய டயரும், ஆணி பிடுங்கிய பத்துப் பலகையும், ஒரு மணற்குவியலும் போட்டுப் பாருங்கள். பிடுங்க வேண்டியது ஆணியைத்தான்; பலகையை அல்ல.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன், சிவகங்கை மாவட்டத்தில் சொந்த ஊரில் இருக்கிறேன். கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளுக்குக் கண்மாயில் நீச்சல் பழக்க விரும்புகிறேன். நானெல்லாம் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் குதித்துப் பழகியவன். மகள் தண்ணீர்ப் பக்கமே விட மாட்டேன் என்கிறாள்.
– ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: ஐயா, நீச்சல் பழக்க வேண்டும் என்பதில் உங்கள் பக்கம் இருக்கிறேன்; இடத்தில் உங்கள் மகளின் பக்கம் இருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. நீச்சல் தெரியாமல் வளர்வது பாதுகாப்பு ஆகாது. ஆனால் நீங்கள் குதித்த கண்மாய் இன்று அதே கண்மாயாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சவுடு மண் அள்ளிய கண்மாயில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே இரண்டு ஆள் ஆழமாக இருக்கக்கூடும், கலங்கிய நீர் அதைக் காட்டாது. கோடையில் நீர் வற்றியிருக்கும் வேளையில் கரையிலிருந்து பள்ளங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழக்குவதை, அடி தெரிகிற, நின்றால் மார்பளவு நீர் உள்ள தொட்டியிலோ நீச்சல் குளத்திலோ தொடங்குங்கள். மூழ்கும் பிள்ளை கூச்சல் போடும் என்று நம்பிக் கரையில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். பெரும்பாலும் சத்தமே வராது. ஒரு பெரியவர், கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நீருக்குள்ளேயே நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். ஒருவன் மூழ்கினால் மற்றவன் பின்னாலேயே குதிப்பதால்தான் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே போகிற செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். குதிக்கக் கூடாது, உரக்கக் கத்த வேண்டும், கயிறோ, வேட்டியோ, மூடிய காலிக் கேனோ எறிய வேண்டும். இதை ஒரு விளையாட்டாகவே வைத்துப் பழக்கலாம்.

பிள்ளைகள் வருவதற்கு முன் உங்கள் தோட்டத்தையும் பக்கத்துத் தோட்டங்களையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிகாட்டுதல் தந்தது. அதன் பிறகுதான் 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையை அப்படிப்பட்ட குழி ஒன்றுக்குள் இழந்தோம். சாக்கைப் போட்டு மேலே கல்லை வைப்பது மூடுவதாகாது; அடியிலிருந்து மண்ணும் கல்லும் கொட்டி நிரப்ப வேண்டும்.

கேள்வி: பதினான்கு வயது மகள் டியூஷனுக்கு ஸ்கூட்டரில் தானே போகிறேன் என்கிறாள். சுதந்திரம் தர வேண்டும் என்கிறீர்களே, அனுமதிக்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. ஓட்டியவருக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. சட்டம் ஒருபுறம் இருக்க, எதிரே வரும் பேருந்தின் வேகத்தைக் கணிக்கும் பயிற்சி அவளுக்கு இன்னும் இல்லை. அந்தப் பயிற்சியைச் சைக்கிள் தரும். தெருவோரப் பாதையாகப் பார்த்து, போக்குவரத்து குறைந்த வேளையில், தலைக்கவசத்துடன் விடுங்கள். முதல் வாரம் நீங்களும் பின்னால் ஒரு சைக்கிளில் செல்லுங்கள். அடுத்த வாரம் பெரிய சாலையைக் கடக்கும் இடம் வரை மட்டும் செல்லுங்கள். மூன்றாவது வாரம் வீட்டு வாசலில் நின்றுகொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் அவள் ஆசிரியரின் வீட்டிலிருந்து ஒரு அழைப்பு விடுத்தால் போதும்.