ராஜா தலை, ராணி தலை, முலாம் தலை

கேள்வி: பாட்டியின் தகரப் பெட்டியில் விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் இருபதுக்கு மேல் கிடைத்தன. இரண்டில் மட்டும் ராணியின் கன்னம் சிவப்படித்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துப் பார்க்கட்டுமா? (தேவகோட்டை வாசகி)

பதில்: ஐயோ, வேண்டாம்மா! நல்ல காசாக இருந்தால் புளியும் சாம்பலும் அதன் மதிப்பைப் பாதியாக்கிவிடும், போலியாக இருந்தால் தேய்த்து என்ன பயன்? சிவந்த இடம் கன்னம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. முலாம் முதலில் தேய்வது மேடான இடங்களில்தான்: கன்னம், கிரீடத்தின் நுனி, விளிம்பின் வரிகள். அங்கே செம்போ பித்தளையோ எட்டிப் பார்க்கும்.

நூற்றில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். அந்தக் காலத்து ரூபாய் சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். புழங்கித் தேய்ந்த காசு 11.5, 11.4 என்று காட்டினால் பரவாயில்லை, பதினொன்றுக்குக் கீழே போனால்தான் யோசிக்க வேண்டும். எடை சரியாக இருக்கிறதா? அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். காசின் பருமன் அளவுத் தண்ணீரின் எடையைத் தராசு காட்டும். அந்த ரூபாய்க்குரிய 91.7 சதவீத வெள்ளி என்றால் 1.13 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். செம்பு என்றால் 1.30, பித்தளை என்றால் 1.37 வாக்கில் போகும். எடையை ஏமாற்றத் தெரிந்தவனுக்கும் பருமனை ஒளிக்க இடம் கிடையாது. ஒன்றைக் கவனியுங்கள், 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி, அது 1.22 காட்டினால் பயப்பட வேண்டாம்.

கேள்வி: என்னிடம் உள்ள 1947 புலி ரூபாய் காந்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. இரும்பில் செய்த போலியா? (விருதுநகர் வாசகர்)

பதில்: ஒட்டத்தான் வேண்டும். 1947 ரூபாய் நிக்கல், நிக்கலைக் காந்தம் இழுக்கும். யாராவது "1947 வெள்ளி ரூபாய்" என்று விற்க வந்தால்தான் நீங்கள் சிரிக்க வேண்டும்.

கேள்வி: கண்காட்சியில் 1939 ரூபாய் ஒன்று வாங்கினேன். எடை, தண்ணீர், விளிம்பு எல்லாம் சரி. நண்பர் மட்டும் சந்தேகப்படுகிறார். (கோவை வாசகர்)

பதில்: உங்கள் நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், சந்தேகப்பட வேண்டிய இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். 1939 ரூபாய் மிக அரிது, 1938 சாதாரணம். இரண்டும் ஒரே வெள்ளி, ஒரே எடை, ஒரே விளிம்பு. அதனால் கைதேர்ந்த ஆள் ஒருவன் நிஜமான 1938 ரூபாயை எடுத்து, கடைசி 8-இன் கீழ்வட்டத்தில் இடதுபக்கத்தைச் சுரண்டி 9 ஆக்கிவிட்டால், நீங்கள் செய்த எல்லாச் சோதனையிலும் அது ஜம்மென்று தேறிவிடும். காசு நிஜம், வருஷம் மட்டும் பொய்.

இதற்கு வேண்டியது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸும் பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சமும்தான். அந்த வருஷத்திலேயே இன்னொரு 9 இருக்கிறது பாருங்கள், 1-க்கு அடுத்தது. இரண்டு 9-ஐயும் மாறி மாறிப் பாருங்கள். கடைசி 9-இன் வால் மட்டும் மெலிந்திருக்கிறதா? திறந்திருக்க வேண்டிய இடத்தில் பழைய வளைவின் மிச்சம் மேடாகத் தெரிகிறதா? எண்ணைச் சுற்றி ஊசிக் கீறல்கள், அல்லது அந்த இடம் மட்டும் மற்ற பரப்பை விட வெளுப்பா, மழமழப்பா? இதில் ஒன்று இருந்தாலும் விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். நானே ஒருமுறை இப்படி ஏமாந்தவன்தான், பேரம் படிந்த சந்தோஷத்தில் லென்ஸைப் பையிலிருந்தே எடுக்கவில்லை.

கேள்வி: காசுமாலையிலிருந்து கழற்றிய பவுன் காசுகளைச் சேகரிப்பாளர்கள் வாங்குவார்களா? (கும்பகோணம் வாசகி)

பதில்: தங்கமாக வாங்குவார்கள், நாணயமாக வாங்கத் தயங்குவார்கள். வளையம் பற்றவைத்த இடத்தில் விளிம்பு வரிகள் உருகி மழுங்கியிருக்கும், அதை எவ்வளவு அராவினாலும் தடம் போகாது. ஆசாரி அடித்துக் கொடுத்த காசாகவும் இருக்கலாம். அசல் பிரிட்டிஷ் சவரன் 7.98 கிராம், 22 காரட், குறுக்களவு 22 மில்லிமீட்டர். தண்ணீரில் 0.45 கிராம் அளவுக்குக் காட்டும், முலாம் பூசிய பித்தளை என்றால் அதற்கு இரண்டு மடங்கு. உரைகல்லில் மட்டும் உரசவிடாதீர்கள்.

கேள்வி: வைஷ்ணோ தேவி படம் போட்ட காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக ஒருவர் போன் செய்து, முன்பணம் கேட்கிறார். (ஓசூர் வாசகர்)

பதில்: போனை வையுங்கள். பழைய காசு விற்க ரிசர்வ் வங்கி யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021-லேயே அறிக்கை விட்டாயிற்று.