பவளத் தொட்டிக்குக் குறைந்த செலவில் நாமே எல்இடி விளக்கு செய்யலாமா?

சுங்கை சிப்புட்டில் இரண்டடித் தொட்டி வைத்திருக்கும் தம்பி, சாமான் கடை வெள்ளை எல்இடி போதுமா என்று கேட்டிருந்தார். மீனுக்குப் போதும், பவளத்துக்குப் போதாது. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கு 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான நீல ஒளிதான் முக்கியம். அதனால் 3 வாட் எல்இடிகளில், ராயல் புளூ (அடர் நீலம்) இரண்டுக்குக் குளிர் வெள்ளை (நீலச் சாயலுள்ள வெள்ளை) ஒன்று என்று போடுங்கள். மென்பவளங்கள் (கல் போன்ற கூடு இல்லாத பவளங்கள்) மட்டும் என்றால் இப்படி 12 எல்இடிகளே தாராளம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் டிரைவர், அதாவது எல்இடிகளுக்கு மின்சாரத்தை அளவாகத் தரும் கருவி. 700 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை மாறாமல் தரும், வெளிச்சம் குறைக்க வசதியுள்ள டிரைவராக வாங்குங்கள். சூடு இறங்க அலுமினியத் தகடு கட்டாயம். நம் ஊர் வெக்கைக்கு ஒரு கணினி விசிறியும் சேர்த்துவிடுங்கள். அப்புறம், உப்புத் தண்ணீர் பக்கத்தில் 240 வோல்ட் மின்சாரம்: இஎல்சிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லாத இணைப்பில் தயவுசெய்து மாட்டவே மாட்டாதீர்கள் தம்பி.

முதல் இரண்டு வாரம் பாதி வெளிச்சம், தினமும் எட்டு மணி நேரம்.