ரப்பர் செடியில் மாவுப்பூச்சி: மருந்தை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: கோவை ஆர்.எஸ்.புரத்தில் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். கூடத்தில் 7 அடி உயர ரப்பர் செடி நிற்கிறது. அப்பா வைத்தது, 6 வருடம் ஆகிறது. 3 மாதமாக இலைக்கு அடியிலும் கணுக்களிலும் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. இலை, தரை எல்லாம் பிசுபிசுப்பு, எறும்பு வேறு. பூச்சி மருந்துக்கடையில் கேட்டதற்கு, ஒரு தண்ணீர் பாட்டிலில் மருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டு தடவை அடித்தேன். நாற்றம் போக இரண்டு நாள் ஆனது. பத்தே நாளில் பூச்சி திரும்பிவிட்டது. குழாய்த் தண்ணீரில் காதி சோப்பு கரைத்து வேப்பெண்ணெயும் அடித்துப் பார்த்தேன். சோப்பு சரியாக நுரைக்கவே இல்லை, இலைகள் கருகிப் புள்ளி விழுந்ததுதான் மிச்சம். மகளுக்கு 4 வயது. இதைவிட வீரியமான மருந்து எது? வேரில் ஊற்றலாமா ஐயா?

பதில்: சகோதரி, செடியை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் பாட்டிலை எடுங்கள். 'விஷம்' என்று பெரிதாக எழுதி ஒட்டி, மகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பிறகு கொடுத்த கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாஷ்பேசினில் ஊற்ற வேண்டாம். பூச்சி மருந்து என்றால் மூடி உடைக்காத டப்பா இருக்க வேண்டும். அதில் மருந்தின் பெயர், காலாவதித் தேதி, நச்சுத்தன்மையைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களில் ஒன்று இருக்க வேண்டும். சில்லறையாகக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது சட்டப்படியே தப்பு. நாலு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அப்படிக் கொடுத்தவருக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. வயலுக்கு என்று வந்த மருந்தைத் திறந்தவெளியில் அடித்தால் காற்று கொண்டுபோகும். உங்கள் கூடத்தில் அது சோபாவிலும் திரைச்சீலையிலும்தான் படியும். ஆகவே வீரியமான மருந்து எது என்ற கேள்விக்கு நான் பெயர் சொல்லப் போவதில்லை.

மருந்து ஏன் பலிக்கவில்லை? மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது, மருந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். நீங்கள் பஞ்சு என்று பார்ப்பது பெரும்பாலும் முட்டைப்பை. ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். அடித்தபோது செத்தவை வெளியே இருந்தவை மட்டும்தான். பைக்குள் இருந்தவை பொரித்து வந்ததைத்தான் பத்தாம் நாள் பார்த்தீர்கள்.

நம் கோவைக்கு இந்தப் பாடம் புதிதும் இல்லை. 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இங்கேதான் முதலில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்று விடாமல் தின்றது. விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்து ஓய்ந்தார்கள். 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட ஒரு கடுகளவுக் குளவிதான் அதை அடக்கியது. நான்காவது மாடிக் கூடத்துக்குக் குளவியும் வராது, பொறிவண்டும் வராது. அந்த வேலையை உங்கள் கைதான் செய்ய வேண்டும்.

இனி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். சோப்பு ஏன் நுரைக்கவில்லை? காதி சோப்பும் வேப்பெண்ணெயும் சரியான பொருள்கள்தான். தண்ணீர்தான் தப்பு. உங்கள் குடியிருப்பில் குழாயில் வருவது போர் தண்ணீராகத்தான் இருக்கும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திரிதிரியாகத் திரிந்துவிடும். திரிந்த சோப்பால் எண்ணெயைத் தண்ணீரில் கலந்து பிடித்துவைக்க முடியாது. எண்ணெய் தனியாக மிதந்து இலையில் சொட்டுச் சொட்டாக உட்காரும். உட்கார்ந்த இடமெல்லாம் கருகும். 'வேப்பெண்ணெய் செடியைக் கருக்கிவிட்டது' என்று என்னிடம் வரும் புகார்களில் முக்கால்வாசி இந்தக் கதைதான். உடனே கடைக்காரர் வாசமில்லாத, தண்ணீரில் கரையும் புட்டி ஒன்றை மூன்று மடங்கு விலைக்கு நீட்டுவார். வாங்காதீர்கள். செக்கில் ஆட்டிய கசப்பு எண்ணெயே போதும், வாடை ஒரு நாளில் போய்விடும். மாற்ற வேண்டியது தண்ணீரைத்தான், சுண்ணாம்பு குறைந்த தண்ணீர் வேண்டும். வீட்டிலேயே குடிக்கப் பிடித்து வைத்த சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் இருக்கிறதே! இல்லையென்றால் மழைத்தண்ணீர், அதுவும் இல்லையென்றால் வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர்.

ஒரு லிட்டருக்கு 5 கிராம் காதி சோப்பைத் துருவி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள். அதில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு மத்தால் கடையுங்கள். மோர் மாதிரி வெளுத்து வரும். அப்புறம்தான் மீதித் தண்ணீர். கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய்க் கண் மிதந்தால் அந்தக் கரைசலை அடிக்கவே கூடாது, மறுபடி கடையுங்கள். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். துணிக்குப் போடும் சோப்புத்தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் இதற்கு ஆகாது. போர் தண்ணீரிலும் அவை நுரைப்பதால் பலர் அதற்கு மாறுகிறார்கள், ஆனால் இலையின் இயற்கை மெழுகையே உரித்துவிடும்.

அடிப்பதற்கு முந்தின நாள் துடைக்க வேண்டும். 7 அடிச் செடியைக் குளியலறைக்குத் தூக்க முடியாது. தொட்டி வாயைப் பாலிதீனால் மூடிக் கட்டிவிட்டு, கீழே பழைய போர்வை விரித்து, ஈரப் பருத்தித்துணியால் இலை இலையாக, அடிப்பக்கம், முக்கியமாக நடுநரம்பு ஓரமாகத் துடையுங்கள். கணுச் சந்துகளுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம். தளிரை மூடியிருக்கும் சிவப்பு உறை இருக்கிறதல்லவா, அதற்குள்தான் குஞ்சுகள் பதுங்கும். காய்ந்த உறைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். மறுநாள் சாயங்காலம் ஓரிரண்டு இலையில் அடித்துப் பார்த்து, கருகவில்லையென்றால் அடுத்த நாள் செடி முழுக்க, அடிப்பக்கம் சொட்டும் அளவுக்கு நனையுங்கள். சோப்பு ஈரமாக இருக்கும்வரைதான் கொல்லும். ஒரு மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரில் துடைத்துவிடலாம். வாரம் ஒரு தடவை, 5 வாரம். மூன்றாம் வாரம் செடி சுத்தமாகத் தெரியும், நிறுத்தத் தோன்றும், நிறுத்தாதீர்கள்.

எறும்பு சும்மா வரவில்லை. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக அதைக் காவல் காக்கிறது. தண்டின் அடியில் செலோடேப் சுற்றி அதன்மேல் வாசலினைத் தடவுங்கள். சுவரிலோ திரைச்சீலையிலோ இலை உரசினால் எறும்புக்கு அது பாலம், தொட்டியை நகர்த்துங்கள்.

வேரில் ஊற்றலாமா என்றீர்கள். இரண்டு விரல்கடை மண்ணைக் கிளறிப் பாருங்கள். வேரில் வெள்ளைப் பொடி இருந்தால் மண்ணை மாற்றுங்கள், இல்லையென்றால் வேரைத் தொடவே வேண்டாம். உரம் ஏதாவது போடுகிறீர்கள் என்றால் பூச்சி அடங்கும்வரை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் தளிர் இளசாகி அதற்குத்தான் விருந்து. இந்த 3 மாதத்துக்குச் சற்று முன்னால் செம்பருத்தியோ குரோட்டன்ஸோ வாங்கிப் பக்கத்தில் வைத்தீர்களா? பெரும்பாலும் நர்சரித் தொட்டியோடுதான் இது வீட்டுக்குள் வரும். இனி எந்தச் செடி வாங்கினாலும் 3 வாரம் பால்கனியில் தனியாக நிற்கட்டும்.

5 வாரம் கழிந்தும் உச்சியில் இருந்தால், 3 அடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். பால் வடியும், கையில் பட்டால் அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் வெட்டுவாயை அழுத்திப் பிடியுங்கள். அப்பா வைத்த செடி என்று பயப்பட வேண்டாம். கணுவிலிருந்து இரண்டு மூன்று கிளைகளாக வெடித்து வரும்.