பழைய ஜீப்பும் டீசல் எஞ்சினும்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்றுவது பற்றித்தான். ஏலத்தோட்டம், காபித் தோட்டம், காட்டுப்பாதை என்று ஓடும் இடம் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் 1960-களின் சிஜே3பி ஜீப் இருக்கிறது. ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின். லிட்டருக்கு ஏழு கூடக் கொடுப்பதில்லை. பீஜோ டீசல் போடலாமா, டிஐ போடலாமா? (கே.எம்., போடிநாயக்கனூர்)

தோட்டத்துக்குள்ளேயே, கூடிப்போனால் 40 கி.மீ. வேகத்தில் ஓடுகிற வண்டி என்றால் மஹிந்திராவின் 2,523 சிசி டிஐ. கீழ்ச்சுற்றிலேயே இழுக்கும். பொலேரோ வரைக்கும் வந்த எஞ்சின் என்பதால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம். எடையும் அதிர்வும் அதிகம், அதைத் தாங்கத் தயாராக இருங்கள். தார் ரோட்டில் நிறைய ஓட வேண்டும் என்றால் மஹிந்திரா எம்எம்540 ஜீப்பில் வந்த 2,112 சிசி பீஜோ. அது மென்மையான எஞ்சின். ஆனால் தண்ணீர் குறைந்து ஒருமுறை சூடேறினால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிச் செய்யும் வேலை வந்துவிடும்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். ஹரிகேன் சுமார் 75 குதிரைத்திறன், 155 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). பீஜோ 62 குதிரைத்திறன், 120 நியூட்டன் மீட்டர் சொச்சம். டர்போ இல்லாத பழைய டீசலைப் போட்டால் இழுவை இரண்டு மடங்காகும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். உங்களுக்கு மிச்சமாவது எரிபொருள். அதுவும், உங்கள் ஹரிகேன் ஏழு கொடுப்பதற்குக் காரணம் தேய்ந்த கார்புரேட்டரும் தவறான டைமிங்கும் என்றால், சில ஆயிரம் ரூபாயிலேயே மீட்டுவிடலாம். முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் அந்த எஞ்சினைக் கழற்றாதீர்கள்.

ஜீப்புக்கு எந்த டீசல் எஞ்சின் செட் ஆகும்? என்ன செலவு ஆகும்? உடனே பதில் தேவை. (எஸ்., சேலம்)

எந்த ஜீப், எந்த வருடம், எந்த கியர்பாக்ஸ், எதற்கு ஓட்டுகிறீர்கள், ஆர்.சி.யில் என்ன எரிபொருள் என்று இருக்கிறது? இதில் ஒன்றையும் எழுதாமல் உடனே பதில் வேண்டும் என்றால் நான் என்ன சொல்ல முடியும்? செலவுக்கு மட்டும் ஒரு கணக்கு: எஞ்சினுக்கு என்ன விலை பேசினீர்களோ, அதே அளவு தொகையை மவுண்ட், அடாப்டர், கிளட்ச், ரேடியேட்டர், சைலன்சர், வயரிங், பிரேக் ஆகியவற்றுக்குத் தனியாக எடுத்து வையுங்கள். அது கையில் இல்லாமல் எஞ்சினை வாங்காதீர்கள்.

டிஐ எஞ்சின் மாற்றிய பிறகு 75 கி.மீ. வேகத்தில் எஞ்சின் கதறுகிறது. டீசல் பம்பைக் கூட்டி வைத்தால் சரியாகுமா? (டி.ஆர்., உடுமலைப்பேட்டை)

பம்பைத் தொடாதீர்கள். பழைய சிஜேயின் ஆக்ஸில் விகிதம் 5.38, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஆக்ஸிலுக்கு வரும் தண்டு 5.38 சுற்று சுற்ற வேண்டும். உங்களுடையது 6.00-16 டயர் என்றால் சுற்றளவு 2.3 மீட்டர் சொச்சம். டாப் கியரில் 75 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் 2,900 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். டிஐயின் முழு சக்தியும் 3,200 சுற்றில் முடிந்துவிடுகிறது. எஞ்சினுக்குக் கோளாறு ஒன்றும் இல்லை, அதை அதன் எல்லையில் வைத்து ஓட்டுகிறீர்கள். ஆக்ஸிலுக்குள் 4.88 விகிதத்தில் கிரவுன்-பினியன் பல்சக்கரங்கள் போட்டால் அதே வேகத்தில் 2,650-க்கு இறங்கும்.

மாற்றினால் முன், பின் இரண்டு ஆக்ஸிலையும் சேர்த்து மாற்றுங்கள். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர்வீல் போட்டால், கெட்டியான தரையில், இரண்டு ஆக்ஸிலுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு உடையும். பெரிய டயர் போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெரிய டயரை நிறுத்த பெரிய பிரேக் வேண்டும். முதலில் பிரேக், அப்புறம் மற்றது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்குவது) போகிறது. கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியும் விட்டுவிட்டது. கியர் வேறு தானாக நழுவுகிறது. பேரிங் கம்பெனி மாற்றினால் சரியாகுமா? (ஏ.வி., கம்பம்)

எந்தக் கம்பெனி பேரிங் போட்டாலும் போகும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் உங்கள் அடாப்டர் பிளேட்டின் மையம், எஞ்சினின் மையத்தோடு ஒத்துப்போகவில்லை. பட்டறையில் ஓட்டையைப் பார்த்து அட்டையில் வரைந்து, இரும்புத் தகட்டை வெட்டி மாட்டியிருப்பார்கள். ஃப்ளைவீலில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் கருவி) பொருத்தி, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் உள்வட்டத்தை ஒரு முழுச் சுற்று அளக்கச் சொல்லுங்கள். முள்ளின் மொத்த ஆட்டம் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்களுடையது ஒரு மில்லிமீட்டர் வந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. நல்ல லேத் பட்டறையில் புது பிளேட் கடைந்து, மையம் சரிபார்த்து, டோவல் பின் அடித்து மாட்டுங்கள். போல்ட் இறுக்கிப் பிடிக்கும், மையத்தைப் பிடிப்பது டோவல் பின்தான்.

டீசல் போட்ட பிறகு ஜீப்பில் பிரேக் கட்டையாக இருக்கிறது. மலை இறக்கத்தில் பயமாக இருக்கிறது. மெக்கானிக்கிடம் கேட்டால், "ஓட்ட ஓட்டப் பழகிவிடும்" என்கிறார். அப்படியா ஐயா? (பி.எஸ்., கொடைக்கானல்)

பழகாது. அந்த வண்டியை இன்றைக்கே நிறுத்துங்கள். வேலை முடியும் வரை மலையில் இறக்காதீர்கள்.

இந்தக் கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் எழுதினாலும் அலுக்காது, ஏனென்றால் இதில்தான் உயிர் போகிறது. எஞ்சின் மாற்ற வருகிறவர்கள் பத்து பேரில் எட்டு பேர் இழுவையைக் கேட்கிறார்கள், மைலேஜ் கேட்கிறார்கள். பிரேக்கை யாரும் கேட்பதில்லை.

பழைய வில்லிஸ் வகை ஜீப் சுமார் ஒரு டன் எடை. அதற்கு 9 அங்குல டிரம், மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டர் கிடையாது, பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதன்மேல் கனமான டீசல் எஞ்சினை ஏற்றுகிறோம். மூக்கு பாரம் கூடுகிறது. பலர் பூஸ்டர் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பூஸ்டர் வேலை செய்ய வேக்யூம் (உறிஞ்சல்) வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டிலிருந்தே அது கிடைக்கும். டீசலில் காற்றுவழியை அடைக்கும் த்ராட்டில் கிடையாது, அதனால் வேக்யூமும் கிடையாது. தனியாக வேக்யூம் பம்ப் வேண்டும். ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் பம்ப் சேர்ந்தே வருகிற வகை நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும். அதற்கு எஞ்சினிலிருந்து ஆயில் போகும் வழியும் திரும்பும் வழியும் கொடுக்க வேண்டும். ஃபேன் பெல்ட் அறுந்தால் சார்ஜோடு வேக்யூமும் போகும் என்பதால், டூல் பாக்ஸில் ஒரு பெல்ட் எப்போதும் இருக்கட்டும்.

த்ராட்டில் இல்லாததால் இன்னொன்றும் நடக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் பெட்ரோல் எஞ்சின் மூச்சடைத்து வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கும். டீசலில் அந்தப் பிடி குறைவு. ஆக்ஸில் விகிதத்தை 4.88-க்கு மாற்றியிருந்தால் இன்னும் குறையும். ஆக, எஞ்சின் முன்பு செய்த வேலையும் இப்போது பிரேக்கின் தலையில் விழுகிறது.

பல வருடங்களுக்கு முன்பு, ஒரு பட்டறையில் எஞ்சின் மாற்றிய ஜீப்பை நானே மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தேன். பூஸ்டர், பம்ப் எல்லாம் இருந்தது. ஆனால் பம்புக்கும் பூஸ்டருக்கும் நடுவே அவர்கள் போட்டிருந்தது சாதாரண பெட்ரோல் டியூப். எஞ்சின் சூட்டில் அது மெத்தென்றாகி, உறிஞ்சலில் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பெடல் கல்லாகிவிட்டது. செகண்ட் கியருக்குத் தள்ளி, இரண்டு காலாலும் மிதித்து, மலைப்பக்க மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். பக்கத்து சீட்டில் என் மகன் இருந்தான், எட்டு வயது. மூட்டை தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பேர்தான் வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். அன்றிலிருந்து என் பட்டறைக்கு வரும் எந்த ஜீப்பிலும் பிரேக் வேலை முடியாமல் எஞ்சின் உள்ளே போவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: இரட்டை அறை உள்ள டேண்டம் மாஸ்டர் சிலிண்டர். பெரிய டிரம், முடிந்தால் முன்னால் டிஸ்க். வேக்யூமுக்கென்றே செய்த கெட்டி ஹோஸ். ஒருவழி வால்வு. பிறகு இந்தச் சோதனை: எஞ்சினை நிறுத்திவிட்டு நான்கைந்து முறை பெடலை மிதியுங்கள், கட்டையாகும். அப்படியே மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கால் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டர் வேலை செய்யவில்லை. மெக்கானிக் வேறு என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

எஞ்சின் மாற்றிவிட்டேன். ஆர்.டி.ஓ.வில் சொல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்? ஊரில் யாரும் பிடிப்பதில்லை. (பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்)

பிடிக்காத வரைக்கும் ஒன்றும் ஆகாது என்ற பதிலைத்தான் எதிர்பார்க்கிறீர்கள். அதை நான் எழுத மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவில், ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அபராதம் கட்டிவிடலாம். விபத்து நடந்து, ஆர்.சி.யில் பெட்ரோல், வண்டியில் டீசல் என்று இன்ஷூரன்ஸ்காரர் கண்டுபிடித்தால், அடிபட்டவருக்கான இழப்பீடு கடைசியில் உங்கள் தலையில் வந்து விழலாம்.

எஞ்சினை வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அதே கம்பெனி, அதே மாடலுக்கு டீசலும் கொடுத்திருந்தால் பேச இடம் உண்டு. பில் இல்லாத, நம்பர் தேய்த்த எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அது திருட்டு வண்டியிலிருந்து வந்ததா என்பதை நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்.

மாருதி ஜிப்ஸியில் ஸ்விஃப்ட்டின் 1.3 டீசல் போட ஆசை. முடியுமா? (ஜே., கூடலூர்)

முடியும். செய்யாதீர்கள் என்பேன். ஸ்விஃப்ட்டில் அது குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் எஞ்சின். ஜிப்ஸியில் நெடுக்காகத் திருப்ப வேண்டும். மவுண்ட், பெல் ஹவுசிங், ஸ்டார்ட்டர் இருக்கும் இடம், டர்போ குழாய்கள் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்), இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு), எலக்ட்ரானிக் ஆக்ஸிலேட்டர் பெடல், முழு வயரிங் ஆகியவை ஒரே வண்டியிலிருந்து செட்டாக வந்தால்தான் ஸ்டார்ட்டே ஆகும். அதைவிட முக்கியம், ஜிப்ஸி கியர்பாக்ஸ் பழகியது நூறு நியூட்டன் மீட்டர் சொச்சம். இந்த டீசல் 190 கொடுக்கிறது. ஆற்றுப்படுகையில் சக்கரம் மாட்டிக்கொண்டு மிதிக்கும்போது எங்கே உடையும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய ஜென் டீசலில் வந்த 1.5 பீஜோவில் கம்ப்யூட்டர் தொல்லை கிடையாது, அதைப் போட்டு நன்றாக ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆர்.சி. விஷயம் மேலே சொன்னதுதான்.

பழைய 6 வோல்ட் வயரிங்கை வைத்தே டீசல் ஸ்டார்ட்டரை ஓட்டலாமா? (எம்., ஏற்காடு)

முடியாது. 12 வோல்ட், குறைந்தது 75 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, தடித்த எர்த் கேபிள். பாதி ஸ்டார்ட்டிங் கோளாறு எர்த்தில்தான் இருக்கிறது.

பழைய பெட்ரோல் டேங்கையே டீசலுக்கு வைத்துக்கொள்ளலாமா? (வி.என்., வால்பாறை)

உள்ளே துரு இல்லாமல் கழுவி எடுத்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் டீசலுக்குத் திரும்பும் குழாய் வேண்டும்; பம்பிலிருந்தும், டீசலைத் தெளிக்கும் நாசிலிலிருந்தும் மிஞ்சியது டேங்குக்கு வர வழி செய்யுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். உங்கள் ஊர் மழைக்கு இரட்டிப்புக் கட்டாயம். உட்பக்கம் துத்தநாகம் பூசிய டேங்க் வேண்டாம், டீசலோடு சேர்ந்து அது நாசிலை அடைக்கும்.

சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்கவில்லை! (ஆர்., பொள்ளாச்சி)

பழைய டீசல் அப்படித்தான், அதற்குக் கரண்ட் தேவையில்லை. பம்பில் உள்ள ஸ்டாப் லீவருக்கு டாஷ்போர்டிலிருந்து ஒரு கேபிள் இழுங்கள்.

ஊட்டிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஈதர் ஸ்ப்ரே அடித்து எடுக்கிறேன். பீஜோ எஞ்சின். (எல்.கே., உதகை)

உடனே நிறுத்துங்கள். குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடாக்கும் ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது ஈதர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடிக்கும், ரிங்கும் பிஸ்டனும் உடையும். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொன்றாக பேட்டரியில் வைத்துப் பாருங்கள். இரண்டு பிளக்காவது செத்திருக்கும். மாற்றுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது.

டீசல் எஞ்சின் ஏற்றியாகிவிட்டது. ஆர்.சி.யிலும் மாற்றி வாங்கிவிட்டேன். கழற்றிய ஹரிகேனை இரும்புக்கடைக்காரர் கிலோ கணக்கில் கேட்கிறார். கொடுத்துவிடலாமா? (டி.பி., குன்னூர்)

கொடுக்காதீர்கள். ஆர்.சி. வேலையை ஒழுங்காகச் செய்தவர் என்பதால் உங்களிடம் உரிமையோடு சொல்கிறேன். அந்த எஞ்சின் உயரமாக இருந்ததால்தான் சிஜே3பிக்கு அந்த உயர்ந்த பானெட்டே வந்தது. அது உள்ளே இருந்த வண்டி வேறு, வெளியே போன வண்டி வேறு. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் அசலாக மாற்ற நினைத்தால் எங்கே தேடுவார்கள்? ஹெட்டைக் கழற்றாமல் வையுங்கள். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, பிளக்கை மறுபடி மாட்டுங்கள். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் துணியால் அடைத்து, தரையில் படாமல் மரக்கட்டை மேல் நிறுத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் கையால் சுற்றுங்கள். பழைய எஞ்சின் நம்பரையும் பழைய ஆர்.சி. நகலையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அதன்மேலேயே கட்டி வையுங்கள்.